புது டீச்சர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி: பெங்களூரு வகுப்பறைக்கு எது உதவும், எது வீண்?

ஹலசூர்_மணி:
வணக்கம். கிழக்குப் பெங்களூரில் உதவி பெறும் பள்ளி, 1 முதல் 7 வரை. பள்ளி திறக்கும்போது புது டீச்சர்கள் ஐந்து பேர் சேர்கிறார்கள். இரண்டு பேர் டி.எட்., மூன்று பேர் பி.எட். வகுப்புகளில் வீட்டு மொழி தமிழ், கன்னடம், தக்னி (இங்குள்ள முஸ்லிம் வீடுகளின் உருது), தெலுங்கு, கொஞ்சம் இந்தி, நேபாளி என்று கலந்துதான் இருக்கும். கட்டட வேலைக்கு ராய்ச்சூர், கலபுரகி பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் வருஷ நடுவில் வந்து சேர்வார்கள். நிர்வாகம் ஐந்து நாள் பயிற்சிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: முதல் நாள் கல்வி உரிமைச் சட்டம், இரண்டாம் நாள் குழந்தை உளவியல், மூன்றாம் நாள் பாடத்திட்டம் எழுதுவது, நான்காம் நாள் ஸ்மார்ட் போர்டு, ஐந்தாம் நாள் 'பன்முக வகுப்பறை' பற்றி வெளியாள் ஒருவர் பேச்சு. எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

கற்றல்_ஏணி:
மணி சார், இரண்டாம் நாளையும் ஐந்தாம் நாளையும் தூக்கிவிடுங்கள். பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் பரீட்சைக்கே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பன்முகம் நல்லது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 36 பிள்ளைகளில் யாருக்கு எழுத்து தெரியும், யாருக்குத் தெரியாது என்று முதல் இரண்டு வாரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் அவர்களுக்குத் தெரியாது. பயிற்சியில் பாதி நேரம் அதற்கே போகட்டும்.

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வில் பயன்படுத்தும் முறையே போதும். ஒரே தாளில் நான்கு கட்டம்: எழுத்துகள், சின்னச் சொற்கள், நான்கு வாக்கியப் பத்தி, ஏழு முதல் பத்து வாக்கியக் கதை. பத்தியில் தொடங்குங்கள். சரளமாக, மூன்று தவறுக்கு மேல் போகாமல் படித்தால் கதைக்கு ஏறலாம். தடுமாறினால் சொற்களுக்கு இறங்குங்கள். எந்த ஐந்து சொல் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், நான்கு சரியாக இருந்தால் அந்தப் படி. எழுத்துக்கும் அதே கணக்கு. கணக்குப் பாடத்துக்கு 1–9, 11–99 எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல்.

ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிஷம் பிடிக்கும். 36 பேரையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மீதிப் பேர் வகுப்பைத் தலைகீழாக்கிவிடுவார்கள். தினம் ஆறு பேர், ஆறு நாள், வராந்தாவில் ஒரு ஸ்டூல் போட்டு. மற்றவர்களை அந்த நேரம் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நிர்வாகத்திடம் இப்போதே பேசி வாங்கிவிடுங்கள்.

கெட்டுப்போகும் இடம் மூன்று. ஒன்று, டீச்சர் பரிசோதனைக்கு நடுவிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார், கை துறுதுறுக்கும். இரண்டு, அடுத்து நிற்கும் பிள்ளை கேட்டுக் கேட்டே பத்தியை மனப்பாடம் பண்ணிவிடும். அதனால் தாள் இரண்டு மாதிரி வேண்டும். மூன்றாவதுதான் பெரிசு: படித்த பிறகு பொருள் கேட்காமல் விட்டுவிடுவது.

விவேக்நகர்_வாசகி:
அந்த மூன்றாவதை நான் நீட்டுகிறேன். கன்னடப் பத்தியைக் கடகடவென்று படித்துவிட்டு ஒரு வரிக்கும் பொருள் தெரியாத பிள்ளை உண்டு. எழுத்துக் கூட்டவே வராது, ஆனால் அதே கதையை வாயால் சொன்னால் மளமளவென்று பதில் சொல்லும் பிள்ளையும் உண்டு. மதிப்பெண் பட்டியலில் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும், மருந்து வேறு வேறு. முதல் பிள்ளைக்குப் பேச்சு, படம், சொல்வளம். இரண்டாவதுக்கு எழுத்துப் பயிற்சி. பத்தி முடிந்ததும் இரண்டே கேள்வி கேட்டு, எந்த மொழியிலும் பதில் சொல்லலாம் என்று விட்டுவிடுங்கள். டீச்சருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் பக்கத்து வகுப்புப் பிள்ளை ஒன்று மொழிபெயர்க்கும். இதுக்கெல்லாம் ஆள் தேட வேண்டியதில்லை, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு மூன்று மொழி விளையாட்டு.

நாளைய_பள்ளி:
பரிசோதனை பண்ணிப் பிரித்துக் குழு போட்டால் என்ன ஆகும்னு யாரும் யோசிக்கலையா? ஒரு மாசத்துல வகுப்புக்குள்ளயே மேல்சாதி கீழ்சாதி ஆயிடும். சிவப்புக் குழுன்னா மக்குன்னு பிள்ளைங்களே பேர் வெச்சுடும். கடைசிக் குழுவுல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க, பாதிக்கு மேல ஒரே தெருப் பிள்ளைங்களா இருக்கும். பிறகு எதுக்கு பன்முக வகுப்பறைன்னு பேச்சு?

கற்றல்_ஏணி:
நியாயமான பயம். நாள் முழுக்கக் குழு என்றால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். அதனால்தான் தினம் ஒரு மணி நேரம், மொழிக்கும் கணக்குக்கும் மட்டும். சூழ்நிலையியல், ஓவியம், விளையாட்டு, சாப்பாடு எல்லாம் கலந்தே. குழுவுக்கு நிறம், எண், பூப் பெயர் எதுவும் வேண்டாம். இடத்தின் பெயர் போதும்: ஜன்னல், கதவு, போர்டு. வாராவாரம் இடத்தை மாற்றுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து ஆட்களை மாற்றாவிட்டால் குழுவே போடாதீர்கள். அந்த அளவுக்குப் பிடிவாதமாக இருக்கணும். கணக்கில் ஜன்னலில் இருப்பவர் கன்னடத்தில் கதவில் இருக்கலாம், பெரும்பாலும் இருப்பார்கள்.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் செயல்வழியாகக் கற்றுத்தரும் நளி-கலி வகுப்பு பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. 1995இல் மைசூரு மாவட்டம் எச்.டி.கோட்டேயில் தொடங்கினது. 1 முதல் 3 வரை பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து, டீச்சர் துணையோடு செய்யும் தட்டு (குழுவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), சக பிள்ளை துணையோடு செய்யும் தட்டு, தானே செய்யும் தட்டு என்று நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அப்படிப் பழகின பிள்ளை 4ஆம் வகுப்புக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து போர்டைப் பார்க்கச் சொல்கிறோம். அங்கேதான் சறுக்குகிறது. பி.எட்.காரர்களுக்கு நளி-கலி வகுப்பு ஒன்றை அரை நாள் காட்டுங்கள், பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியரிடம் கேட்டால் விடுவார்.

குழு வேலையில் புது டீச்சர் சிக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 40 நிமிஷப் பீரியடில் பத்து நிமிஷம் எல்லாருக்கும், இருபது நிமிஷம் குழுவாக, பத்து நிமிஷம் மறுபடி எல்லாருக்கும் என்று வையுங்கள். அந்த இருபது நிமிஷமும் டீச்சர் பின்தங்கின குழுவோடு ஒட்டிக்கொள்வார். நன்றாகப் படிக்கிற குழு ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சத்தம் போடும், டீச்சர் எழுந்து போய் அதட்டுவார், இந்தப் பக்கம் பாடம் அறுந்துபோகும். முன்னேறின குழுவுக்குக் கொடுக்கும் அட்டையின் பின்புறமே விடை இருக்கட்டும். விடையைப் பார்த்துத் திருத்தியதும் அதே மாதிரி இரண்டு கணக்கு அவர்களே உருவாக்கணும். இருபது நிமிஷம் ஓடும்.

கணக்கு_வாத்தி:
மூன்றாம் நாள் பாடத்திட்டம் எழுதும் பயிற்சியை எடுத்துட்டு என்கிட்ட கொடுங்க. ஐந்து படி வைத்து நாலு பக்கம் எழுதுற பாடத்திட்டம் கல்லூரியோட போச்சு. பிள்ளைங்க தப்பாப் போட்ட கணக்குகளை முப்பது எடுத்துட்டு வந்து, 'இந்தப் பிள்ளை எந்த விதியை வெச்சு இதைப் போட்டுச்சு?'ன்னு கேளுங்க.

52 − 17 = 45. கவனக்குறைவுன்னு சிவப்பு மையால சுழிப்பாங்க. இல்ல சார். 'பெரிசுலிருந்து சிறிசைக் கழி'ன்னு கத்துக்கொடுத்ததை அப்படியே செய்யுது: 7லிருந்து 2, 5லிருந்து 1. 43 − 18 = 35 வேற வியாதி. கடன் வாங்கத் தெரியும், 13லிருந்து 8 போய் 5 வரைக்கும் சரி. பத்து இடத்துல 4ஐ 3 ஆக்க மறந்து, 4லிருந்தே 1ஐக் கழிச்சுடுச்சு. 'முந்நூற்று நாலு'ன்னு சொன்னா 3004ன்னு எழுதறது இன்னொண்ணு, காதுல விழுந்ததை அப்படியே அடுக்குது. முதல் வகைக்கு அதே கணக்கை இன்னும் பத்து கொடுத்தா தப்புதான் பத்து மடங்கா உறுதியாகும். பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்ட ஐஸ் குச்சிக் கட்டு அஞ்சு, உதிரி ரெண்டு கையில கொடுத்து, 'எனக்கு 17 கொடு'ன்னு கேளுங்க. ஒரு கட்டைப் பிரிக்கிற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. சராசரி டீச்சருக்கு இந்த மௌனம்தான் கஷ்டம்.

வீட்டு மொழி கணக்குலயும் வரும். தக்னி, இந்திப் பிள்ளைங்களுக்கு 'இக்கீஸ்'ல (21) ஒன்று முதல்ல, இருபது பிறகு. 21ஐ 12ன்னு எழுதுறது அதனாலயும் இருக்கலாம். கன்னடத்துல 9 'ஒம்பத்து', 90 'தொம்பத்து', 80 'எம்பத்து'. கடைசிப் பெஞ்சுக்கு மூணும் ஒரே சத்தம். சொல்லி எழுதவைக்கும்போது எண் அட்டையையும் தூக்கிக் காட்டுங்க, அல்லது 'எண்ட்டு ஹத்து' (எட்டுப் பத்து) மாதிரி பத்துக்களா சொல்லுங்க. தமிழ்ல 90 'தொண்ணூறு', 900 'தொள்ளாயிரம்'. வீட்டுல தமிழ்ல எண்ணிப் பழகின பிள்ளைக்கு இந்த ரெண்டு இடத்துல இன்னொரு குழப்பம்.

ஹலசூர்_மணி:
இது அருமை. தப்புக் கணக்கு நோட்டுகளைப் போன வருஷ விடைத்தாள் கட்டிலிருந்தே எடுத்துவிடலாம். கன்னடத்துக்கும் இதே மாதிரி ஒன்று கிடைக்குமா? இரண்டு பேர் தமிழ்க்காரர்கள். வகுப்பில் தமிழ் பேசலாமா என்று இப்போதே கேட்கிறார்கள்.

விவேக்நகர்_வாசகி:
பேசலாம், கணக்குப் பார்த்து. புதுப் பாடத்தின் கருத்தை விளக்கவும், பயந்துபோன பிள்ளையைச் சமாதானப்படுத்தவும் தமிழ். தினம் திரும்பத் திரும்ப வரும் வகுப்பறைப் பேச்சு, நோட்டு எடு, ஜோடியாக உட்கார், எழுதிக் காட்டு, இவை கன்னடத்தில். நாள் முழுக்கத் தமிழிலேயே ஓட்டினால் தக்னிப் பிள்ளைக்கு டீச்சர் இன்னொரு வீட்டுக்காரி ஆகிவிடுவார். அதோடு 2015ஆம் வருஷக் கர்நாடகச் சட்டப்படி கன்னடம் ஒரு மொழிப் பாடமாகக் கட்டாயம். அதை எடுக்கும் டீச்சரே தடுமாறினால் பிள்ளைகள் சிரிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியும் என்று நினைத்துத் தமிழில் அச்சடித்த தாளைக் கொடுக்காதீர்கள். இங்கே முக்கால்வாசிப் பேருக்கு அது வாய்மொழிதான்.

தமிழ் வாய்க்குக் கன்னட எழுத்தில் விழும் தவறுகள் ஒழுங்கானவை. க–க³ (ka–ga), ப–ப³ (pa–ba) மாதிரி நாம் ஒரே எழுத்தால் எழுதும் ஒலிகளுக்குக் கன்னடத்தில் தனித்தனி எழுத்து. சொல்லின் நடுவில் 'க' வந்தால் தமிழ்ப் பிள்ளை தானாகவே மெல்லொலியாகப் படிக்கும். மூச்சுச் சேர்த்துச் சொல்லும் kha, gha மாதிரி மகாப்ராண எழுத்துகளை அடியோடு விட்டுவிடும். தமிழ் எழுத்து தெரிந்த சில பிள்ளைகள் ஒத்தக்ஷரத்தை, அதாவது கூட்டெழுத்தின் இரண்டாம் மெய்யை, கீழே தொங்கவிடாமல் புள்ளி வைத்த மாதிரி வரிசையாக எழுதும். மூன்றுக்கும் மூன்று வகைப் பயிற்சி. தவறுகளை மொத்தமாக எண்ணிப் பத்துக்கு நாலு என்று போட்டால் எதுவும் தெரியாது.

உதவிக்கு வருவதும் இருக்கிறது. பத்து–ஹத்து, பால்–ஹாலு, புலி–ஹுலி, வா–பா, வேர்–பேரு. இந்த இரண்டு ஒலி மாற்றத்தையும் சுவரில் அட்டையாக ஒட்டினால் தமிழ்ப் பிள்ளைகள் தாங்களே பத்துச் சொல் கண்டுபிடித்துச் சொல்லும். தெலுங்கு, தக்னிப் பிள்ளைகளுக்கும் ஒரு வரிசை விடுங்கள்; ஒரு வீட்டுக்கு மட்டும் மரியாதை என்று ஆகக்கூடாது.

ஸ்ரீராமபுரம்_சுதா:
யாரும் மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லையே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது. அந்தப் பட்டியலை ஸ்லைடில் போட்டு வாசிப்பதுதான் வழக்கமான பயிற்சி, தயவுசெய்து அது வேண்டாம். புது டீச்சர் நோய் பெயர் சொல்லக் கூடாது, பார்த்ததை எழுதினால் போதும். 'கவனம் இல்லை' என்று எழுதக் கூடாது. 'போர்டிலிருந்து எழுதும்போது பக்கத்து நோட்டைப் பார்க்கிறாள், புத்தகத்திலிருந்து தப்பில்லாமல் எழுதுகிறாள்' என்று எழுத வேண்டும். இரண்டாவது வரியைப் படித்தவுடனே கண் என்று தெரிந்துவிடும்.

கண்ணுக்கு, எழுத்து வரிவரியாகச் சிறிதாகும் ஸ்னெல்லன் அட்டையைப் பள்ளியிலேயே மாட்டலாம். தூரம் 6 மீட்டர். வகுப்பறை நீளம் பத்தாது, வராந்தாவில் டேப் வைத்து அளந்து கோடு போடுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், விரலால் அழுத்தினால் கை எடுத்த பிறகு சில நொடி மங்கலாகவே தெரியும். எழுத்து தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஆங்கில E வடிவம் எந்தத் திசை என்று காட்டச் சொல்லும் அட்டை. தடுமாறினால் பெற்றோரிடம் சொல்லி மின்டோ கண் மருத்துவமனை, அரசு மருத்துவமனைதான். காதுக்கு: எப்போதும் ஒரே பக்கம் தலை சாய்ப்பது, கூப்பிட்டால் முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில். போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசும் பழக்கத்தை டீச்சர் விட்டாலே இந்தப் பிள்ளைக்குப் பாதிப் பாடம் கூடுதலாகக் கிடைக்கும்.

படிப்பதில் குறைபாடு என்றால் அவசரப்பட வேண்டாம். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான். வேறு மொழி வீட்டிலிருந்து வந்து ஆறு மாசமே கன்னடம் படித்த பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா என்று சொல்வது பெரிய பாவம். அந்தப் பிள்ளைக்கு வீட்டு மொழியில் கதை சொல்ல வருகிறதா, வரிசை மாறாமல் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் பிஇஓ (வட்டாரக் கல்வி அதிகாரி) அலுவலகத்தில் உள்ள சிறப்பாசிரியர், அதற்கப்புறம் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை. டீச்சர் நேராகப் பெற்றோரிடம் போய் எதுவும் சொல்லக் கூடாது, தலைமையாசிரியர் வழியாகத்தான்.

நாளைய_பள்ளி:
குழு விஷயத்துல அந்த ஆறு வாரக் கணக்கை எழுதி ஒட்டுவீங்கன்னா எனக்குச் சம்மதம். இப்ப என் பட்டியல். பயிற்சியில அரை நாள் இதுக்கு ஒதுக்குங்க: பிள்ளையை வெட்கப்பட வைக்கிற ஆபீஸ் வேலைகள்.

எஸ்ஏடிஎஸ்ல (அரசோட மாணவர் பதிவுத் தளம்) விவரம் நிரப்பும்போது வகுப்புல நின்னு 'உன் ஜாதி என்ன'ன்னு கேக்கறது. ஸ்காலர்ஷிப் பெயர்களைச் சத்தமா வாசிக்கறது. ரெண்டையும் பெற்றோரிடம் தனியா, ஆபீஸ்ல. மதியம் முட்டை கொடுக்கும்போது முட்டைக்கு ஒரு வரிசை, வாழைப்பழத்துக்கு இன்னொரு வரிசைன்னு பிரிக்கறது. ஒரே வரிசை, தட்டு வரும்போது 'எது வேணும்'னு கேட்டுப் போடுங்க, நேரமும் கூடாது. பேரைத் தப்பாச் சொல்றது சின்ன விஷயம் இல்ல. ஒடியா, நேபாளிப் பேரை முதல் நாளே பிள்ளைகிட்ட கேட்டுத் தமிழ்லயோ கன்னடத்துலயோ எழுதி வெச்சுக்கணும். அடி, திட்டு பற்றிச் சொல்லவே வேண்டாம், கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு. மணி சார், உங்க முதல் நாள் சட்ட வகுப்பை இந்த மாதிரி நாலு விஷயத்துக்குள்ள அடக்கிடலாம்.

கற்றல்_ஏணி:
நடுவில் சேரும் பிள்ளையையும் அதில் சேருங்கள். டிசி தாமதம் என்று சேர்க்கையை மறுக்க முடியாது, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது, அதே சட்டம்தான். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி. எந்தப் பிள்ளையும் எந்த வாரமும் வரலாம் என்பதால் அலமாரியில் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும்: பெயர் அட்டை, ஒரு நோட்டு, பென்சில், பள்ளிக்குள் எது எங்கே என்று படம் போட்ட தாள், தண்ணீர், கழிப்பறை, 'புரியவில்லை' என்று கேட்க ஐந்து கன்னட வாக்கியம். ஒரே வீட்டு மொழிப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். இரண்டு வாரம் போதும், அதற்கு மேல் போனால் துணைப்பிள்ளை டியூஷன் வாத்தியார் ஆகி அதன் படிப்பு போகும். படிநிலைச் சோதனை முதல் நாள் வேண்டாம், மூன்றாம் நாளுக்கு மேல். முதல் நாள் பயத்தில் வாயைத் திறக்காத பிள்ளைக்கு 'எழுத்து தெரியாது' என்று போட்டுவிடுவோம்.

கணக்கு_வாத்தி:
மணி சார், ஒண்ணு கேக்கணும். அந்த மூணு பி.எட். பேருக்கு எந்த வகுப்பு? 2023 ஆகஸ்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் 1–5க்கு பி.எட். தகுதி ஆகாது. 6, 7க்குப் போடுங்க. அப்புறம் எல்லாப் பள்ளிக்கூடமும் செய்யற வேலை, கஷ்டமான செக்ஷனைப் புதுசா வந்தவங்க தலையில கட்டறது. அதைச் செய்யாதீங்க. பெரியவங்களுக்குக் கொடுங்க, புதுசு பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஹலசூர்_மணி:
6, 7தான் சார், அதில் சிக்கல் இல்லை. கஷ்டமான செக்ஷன் விஷயம் மூத்தவர்களிடம் பேசணும். சும்மா விடமாட்டார்கள்.

விவேக்நகர்_வாசகி:
பேரம் ஒன்று இருக்கிறது. மூத்தவர் கஷ்டமான செக்ஷன் எடுத்தால் புதியவர் அவருடைய ரெஜிஸ்டர், மதிய உணவுக் கணக்கு, ஒரு மேற்பார்வை பீரியடை எடுத்துக்கொள்ளட்டும். புது டீச்சர் வாரம் இரண்டு பீரியட் மூத்தவர் வகுப்பைப் பார்க்கணும், ஆனால் 'பாருங்கள்' என்று மொட்டையாக விட்டால் டீச்சரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே பிள்ளையை நாற்பது நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை முறை வாய் திறந்தது, யாரிடம், எந்த மொழியில், எப்போது பென்சிலைக் கீழே வைத்தது. அரைப் பக்கம் எழுதினால் போதும். பி.எட்.டில் 20 வாரம் பள்ளிக்குப் போய்வந்தவர்கள்கூட இதை ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டார்கள். பாடம் நடத்தின எண்ணிக்கைதான் அங்கே கணக்கு.

ஸ்ரீராமபுரம்_சுதா:
பெற்றோர் கூட்டம் பற்றி ஒரு வரி. அம்மாக்கள் பாதிப் பேர் கார்மெண்ட்ஸ், வீட்டு வேலை. மூன்று மணிக்கு வரச் சொன்னால் அரை நாள் சம்பளம் போகும். ஞாயிறு காலை, அல்லது சாயங்காலம் ஆறரைக்கு மேல். அச்சடித்த சுற்றறிக்கையை யாரும் படிப்பதில்லை; அரை நிமிஷ வாட்ஸாப் குரல் பதிவு, கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும். தக்னிக்காரர்கள் இந்திப் பதிவைக் கேட்டுக்கொள்வார்கள். பதிவில் ஒரே ஒரு செய்தி. இரண்டு செய்தி வைத்தால் முதலாவது மறந்துபோகும்.

ஹலசூர்_மணி:
எல்லாருக்கும் நன்றி. ஸ்மார்ட் போர்டு நாளையும் எடுத்துவிட்டேன், விற்பனைக்காரரே வந்து ஒரு மணி நேரம் காட்டிவிடுவாராம். படிநிலைச் சோதனைக்கு இரண்டு நாள், நளி-கலி வகுப்பு பள்ளி திறந்த பிறகுதான் பார்க்க முடியும், அதனால் ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். தப்புக் கணக்குக்கு ஒரு நாள். அந்த சோதனைத் தாள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எங்கே கிடைக்கும்? நாங்களே எழுதினால் கடினமாகிவிடுமோ என்று பயம்.

கற்றல்_ஏணி:
அசர் இணையதளத்தில் மொழிவாரியாக மாதிரித் தாள்கள் இருக்கின்றன, கன்னடமும் உண்டு. நீங்களே எழுதுவதென்றால் பத்தி 1ஆம் வகுப்புப் புத்தகச் சொற்களுக்குள், கதை 2ஆம் வகுப்புக்குள் நிற்கணும். எழுதினதைப் போன வருஷம் 2ஆம் வகுப்பு முடித்த நாலு பிள்ளைகளிடம் படிக்கவைத்துப் பாருங்கள். நாலு பேரும் திக்கினால் தாள் கடினம். எழுத்து அளவு பெரிதாக, ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கட்டத்துக்கு மேல் வேண்டாம், லேமினேட் பண்ணிவிடுங்கள். ஆளுக்கு ஒரு செட் கொடுங்கள். பொதுவாக ஒரே செட் வைத்தால் எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள்.